முப்பத்தேழு சொற்களும் பத்தொன்பதாம் எண் சட்டையும்



விளையாட்டு வரலாறு பற்றி எழுதுங்கள் சார் என்று பழைய மாணவர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கிரிக்கெட் பற்றி எழுத நாட்டில் ஆள் பஞ்சமில்லை. நான் இன்று எழுதப் போவது கல்லூரிக் கால்பந்து பற்றி, அதுவும் பெண்கள் கால்பந்து பற்றி. அமெரிக்காவில் நடந்த கதை. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களுக்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறேன். வாத்தியார் புத்தி அவ்வளவு சீக்கிரம் போகுமா?

மியா ஹாம் என்ற பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்கப் பெண்கள் கால்பந்தில் மிகப் பெரிய பெயர். சர்வதேசப் போட்டிகளில் 158 கோல் அடித்தவர். அவர் ஓய்வு பெற்றபோது ஆண், பெண் இருபாலரிலும் அத்தனை கோல் அடித்தவர் உலகில் வேறு யாரும் இல்லை. 2013-ல் அவர் நாட்டுக்காரரான ஆபி வாம்பாக் அந்தக் கணக்கைத் தாண்டினார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த 158 கோல்களைப் பற்றி இல்லை. அதற்கு முன்னால், ஒரு கல்லூரி மைதானத்தில் அவர் கழித்த ஐந்து ஆண்டுகளைப் பற்றி. அந்த மைதானம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதைப் பற்றி.

மியா பிறந்தது 1972 மார்ச் 17, அலபாமா மாநிலம் செல்மாவில். அப்பா விமானப்படை அதிகாரி. அம்மா பாலே நடனம் கற்றவர். தன் நடன ஆசிரியை மியா ஸ்லாவென்ஸ்காவின் நினைவாகத்தான் மகளை மியா என்று கூப்பிட்டார். பிறக்கும்போதே குழந்தையின் பாதம் வளைந்திருந்தது. அதை நேராக்க, சிறு வயதில் அதற்கென்று செய்த காலணி போட வேண்டியிருந்தது. பின்னாளில் உலகமே வியந்து பார்த்த கால்கள் அவை!

அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் ஊர் ஊராக மாறியது. இத்தாலியில் இருந்த நாட்களில் கால்பந்து அந்த வீட்டுக்குள் நுழைந்தது. பிறகு டெக்சஸ். மியாவுக்கு 5 வயதானபோது பெற்றோர் காரெட் என்ற 8 வயதுப் பையனைத் தத்தெடுத்தார்கள். தாய்லாந்துத் தாய்க்கும் அமெரிக்கத் தந்தைக்கும் பிறந்தவன். அவன்தான் தங்கையைத் தன் ஆட்டங்களில் சேர்த்துக்கொண்டான். பையன்கள் அணி பிரிக்கும்போது, இவள் சின்னப் பெண், வேண்டாம் என்று யாரும் சொல்ல அவன் விடவில்லை. அண்ணன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மியா பிறந்து மூன்று மாதம் கழித்து வாஷிங்டனில் நடந்ததைச் சொல்கிறேன்.

1972 ஜூன் 23 அன்று குடியரசுத் தலைவர் நிக்சன் கல்விச் சட்டத் திருத்தம் ஒன்றில் கையெழுத்திட்டார். அதன் ஒன்பதாம் பகுதியைத்தான் டைட்டில் நைன் என்கிறார்கள். ஆங்கிலத்தில் வெறும் 37 சொற்கள். மத்திய அரசின் பணத்தைப் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பால் காரணமாக யாரையும் விலக்கவோ, பாகுபடுத்தவோ கூடாது என்பது அதன் சாரம். அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. பந்தும் இல்லை, மைதானமும் இல்லை.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு பெண்களைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் எடித் கிரீன், ஒரிகன் மாநிலத்தவர். அரசியலுக்கு வருமுன் பள்ளி ஆசிரியை. (நம் இனம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!) 1970-ல் கல்வியில் பெண்களுக்கு நேரும் பாகுபாடு பற்றி நாடாளுமன்றக் குழுவில் விசாரணை நடத்தியவர் அவர். இன்னொருவர் ஹவாயைச் சேர்ந்த பேட்சி மிங்க். ஜப்பானிய வம்சாவளி. டாக்டராக ஆசைப்பட்டார். மருத்துவக் கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின. வேறு வழியின்றிச் சட்டம் படித்தார். மருத்துவத்துக்குக் கிடைக்காமல் போனவர் நாடாளுமன்றத்துக்குக் கிடைத்தார். செனட் சபையில் இதைக் கொண்டுபோனவர் பிர்ச் பை.

எடித் கிரீனின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். ஆதரவு தர வந்த பெண்கள் அமைப்புகளிடம், இதற்காக நீங்கள் சத்தம் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். சத்தம் கேட்டால் மற்ற உறுப்பினர்கள் அந்தப் பகுதியை உற்றுப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்ற பயம். சட்டம் அமைதியாக நிறைவேறியது.

பிறகுதான் பலருக்கு உறைத்தது. கல்லூரி விளையாட்டும் கல்வித் திட்டத்தில் அடக்கம்தானே? அப்படியானால் பெண்களுக்கும் அணி வேண்டுமே, பயிற்சியாளர் வேண்டுமே, உதவித்தொகை வேண்டுமே?

அன்றைய நிலையைச் சொல்கிறேன். 1971-72 கல்வியாண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பையன்கள் சுமார் 36 லட்சம் பேர். பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. 27 மாணவிகளில் ஒருத்திதான் பள்ளி அணி ஒன்றில் இருந்தாள். மற்ற 26 பேருக்கும் காலில் பலம் இல்லையா? திறமை இல்லையா? கூப்பிட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? 1974-ல் வருமானம் தரும் விளையாட்டுகளுக்கு விலக்கு வேண்டும் என்று செனட்டர் ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார். அது நிற்கவில்லை. 1975-ல் விதிமுறைகள் வந்தன. அவற்றை நிறைவேற்றக் கல்லூரிகளுக்கு மூன்றாண்டு தவணை. அதாவது 1978 ஜூலை வரை.

தவணை முடிந்த மறு ஆண்டு, 1979-ல், வட கரோலினா பல்கலைக்கழகம் பெண்கள் கால்பந்து அணி ஒன்றைத் தொடங்கியது. ஊர் சாப்பல் ஹில். ஏற்கனவே ஆண்கள் அணியைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்த ஆன்சன் டோரன்ஸ் என்ற இளைஞரிடமே பெண்கள் அணியையும் ஒப்படைத்தார்கள். தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 1982-ல் முதல் பெண்கள் கால்பந்துப் போட்டியை நடத்தியது. அன்று தொடங்கி 1994 வரை 13 ஆண்டுகளில் 12 முறை கோப்பை சாப்பல் ஹில்லுக்கே போனது. 1985-ல் மட்டும்தான் தவறியது.

தேசிய அணியின் நிலையோ பரிதாபம். அமெரிக்கப் பெண்கள் அணி முதன்முதலாக ஆடியது 1985-ல், இத்தாலியில். அவர்களுக்குக் கொடுத்த சீருடை ஆண்கள் அளவு. புறப்படுமுன் இரவு உட்கார்ந்து வெட்டித் தைத்து அளவாக்கிக்கொண்டார்கள். மறு ஆண்டு அந்த அணிக்கும் டோரன்ஸ்தான் பயிற்சியாளர்.

அந்தச் சமயத்தில் டெக்சஸில் ஒரு சிறுமி பிரமாதமாக ஆடுகிறாள் என்று அவருக்குச் செய்தி வந்தது. பார்க்கப் போனவர், எந்தப் பெண் என்று எனக்குக் காட்டாதீர்கள், நானே கண்டுபிடிக்கிறேன் என்றாராம். ஆட்டம் தொடங்கியது. ஒரு பெண் பந்தை நோக்கிப் பாய்ந்தாள். அவ்வளவுதான், கண்டுபிடித்துவிட்டார். மியாவுக்கு அப்போது 14 வயது. 1987-ல், 15 வயதில், சீனாவில் தன் நாட்டுக்காக ஆடினார். அந்த வயதில் அமெரிக்க அணிக்கு அதுவரை யாரும் ஆடியதில்லை.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கதை நேர்கோட்டில் போகவில்லை.

1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் குரோவ் சிட்டி கல்லூரி வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. மத்திய அரசின் பணம் எந்தப் பிரிவுக்கு நேரடியாகப் போகிறதோ அந்தப் பிரிவுக்கு மட்டுமே டைட்டில் நைன் பொருந்தும் என்றது. விளையாட்டுத் துறைக்கு அப்படி நேரடிப் பணம் பெரும்பாலும் போவதில்லை. ஆக, சட்டம் இருந்தும் மைதானத்தில் செல்லாக்காசு ஆகிவிட்டது. நான்கு ஆண்டுகள் இந்த நிலை. 1988 மார்ச்சில் நாடாளுமன்றம் புதிய சட்டம் கொண்டுவந்து பழைய பொருளை மீட்டது. ரீகன் அதை மறுத்துத் திருப்பி அனுப்பினார். அவருடைய மறுப்பையும் மீறி நிறைவேற்றினார்கள்.

மியா ஹாம் கல்லூரியில் காலடி வைத்தது 1989-ல். ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். அவர் பிறந்த ஆண்டில் சட்டம் பிறந்தது. அவருக்கு 7 வயதாகும்போது அவர் சேரப்போகும் அணி பிறந்தது. அவருக்கு 16 வயதாகும்போது சட்டத்துக்கு உயிர் திரும்பியது. 17-வது வயதில் உதவித்தொகையுடன் கல்லூரிக்குள் நுழைகிறார். திறமை அவருடையது. ஆனால் பாதை போட்டவர்கள் வேறு ஆட்கள்.

சாப்பல் ஹில்லில் என்ன நடந்தது? முதல் ஆண்டிலேயே கோப்பை. 1990-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்திடம் ஓர் ஆட்டம் தோற்றார்கள், கூடுதல் நேரத்தில் 3-2 என்று. நூறு ஆட்டங்களுக்கு மேல் தோல்வியே காணாமல் வந்த அணி அது. அதே ஆண்டு இறுதிப் போட்டியில் அதே கனெக்டிகட் எதிரில் வந்தது. 6-0 என்று வென்றார்கள். மியா கல்லூரிக்காக ஆடியவை மொத்தம் 95 ஆட்டங்கள். அவற்றில் தோல்வி அந்த ஒன்றே ஒன்றுதான்.

1991-ல் கல்லூரி ஆட்டத்திலிருந்து விலகி நின்றார். பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை அந்த ஆண்டு சீனாவில் நடந்தது. இறுதியில் நார்வேயை 2-1 என்று வென்று அமெரிக்கா கோப்பை வாங்கியது. அந்த அணியில் வயதில் இளையவர் மியா, 19 வயது. சாப்பல் ஹில் பெண்கள் இன்னும் பலர் அந்த அணியில் இருந்தார்கள். ஒரு கல்லூரி மைதானம் ஒரு நாட்டு அணிக்கே நாற்றங்கால் ஆகியிருந்தது.

திரும்பி வந்து 1992-ல் ஆடியதுதான் ஆட்டம். ஒரே பருவத்தில் 32 கோல், 33 முறை மற்றவர் கோல் அடிக்கப் பந்து கொடுத்தது. இரண்டாவது எண்ணைப் பாருங்கள். தான் அடித்ததைவிடப் பிறரை அடிக்க வைத்தது ஒன்று கூடுதல்! இறுதிப் போட்டியில் டியூக் பல்கலைக்கழகத்தை 9-1 என்று வென்றார்கள். 1993-ல் மறுபடியும் கோப்பை. ஆக நான்கு பருவம், நான்கு கோப்பை. மொத்தம் 103 கோல், 72 உதவி. கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கு வழங்கும் ஹெர்மன் கோப்பை 1992, 1993 இரண்டு ஆண்டுகளும் அவருக்கே. 1994-ல் அரசியல் அறிவியலில் பட்டம் பெற்று வெளியே வந்தார். அவர் அணிந்த 19-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று பல்கலைக்கழகம் முடிவு செய்தது.

இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. டோரன்ஸ் பயிற்சியில் நடக்கும் ஒவ்வொரு சிறு போட்டியையும் கணக்கு எழுதுவார். யார் யாரை வென்றார்கள், யார் எத்தனையாவது இடம் என்று எல்லோரும் பார்க்கும்படி பலகையில் ஒட்டிவிடுவார். கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்திடம் கற்ற முறை அது. தோழிகளை வெல்லக் கூச்சப்பட வேண்டாம் என்பதே அதன் பாடம். பெண் குழந்தைகளை விட்டுக்கொடுத்துப் போகச் சொல்லியே வளர்க்கும் உலகில் அது புதிய பாடம். ஒரு குளிர்காலக் காலையில் அவர் காரில் போகும்போது, யாருமே இல்லாத மைதானத்தில் மியா தன்னந்தனியாக ஓடிப் பயிற்சி செய்வதைப் பார்த்தார். யாரும் பார்க்காதபோது வியர்வை சிந்துபவரே வெற்றியாளர் என்ற பொருளில் அவருக்கு ஒரு சிறு குறிப்பு எழுதி அனுப்பினார். இன்றும் பலர் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அந்தப் பயிற்சியாளரைப் பற்றிய இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1998-ல் முன்னாள் வீராங்கனைகள் இருவர் அவர் தங்களிடம் தகாத முறையில் பேசினார் என்று வழக்குத் தொடுத்தார்கள். ஒன்று 2004-லும் மற்றொன்று 2008-லும் சமரசத்தில் முடிந்தன. அவர் மன்னிப்பும் கேட்டார். கதவைத் திறந்துவிட்டால் போதாது, உள்ளே போன பிள்ளைகளுக்குப் பாதுகாப்பும் மரியாதையும் இருக்கிறதா என்று பார்ப்பதும் கல்வி நிலையத்தின் பொறுப்பு.

கல்லூரி முடிந்தது. அடுத்து எங்கே ஆடுவது? அமெரிக்காவில் பெண்களுக்குத் தொழில்முறை லீக் என்று ஒன்று அப்போது இல்லை. நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி வீராங்கனைக்குத் தேசிய அணி ஒன்றே கதி. சட்டத்தின் கை பள்ளி, கல்லூரி வாசலோடு நின்றுவிட்டது.

1996-ல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகப் பெண்கள் கால்பந்து சேர்ந்தது. அமெரிக்காவிலேயே நடந்த அந்த இறுதிப் போட்டியில் சீனாவை 2-1 என்று வென்றார்கள். நேரில் பார்த்தவர்கள் 76,000-க்கும் மேல். ஆனால் அமெரிக்கத் தொலைக்காட்சி அதை முழுமையாகக் காட்டவில்லை. கூட்டத்தில் காரெட்டும் இருந்தார். அவருக்கு எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்யாத கொடிய நோய். 1997 ஏப்ரலில், மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பிறகு அவர் இறந்தார். தங்கையை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்ட அண்ணன். 1999-ல் மியா தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். மஜ்ஜை மாற்று தேவைப்படும் குடும்பங்களுக்கும், விளையாட வரும் பெண் பிள்ளைகளுக்கும் உதவுவது அதன் பணி.

அதே 1999 ஜூலை 10. உலகக் கோப்பை இறுதி, கலிபோர்னியாவின் ரோஸ் பவுல் மைதானம், 90,185 பார்வையாளர்கள். மீண்டும் சீனா. கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்து பெனால்டி வந்தது. மியாவுக்குப் பெனால்டி அடிப்பதென்றால் உதறல். இருந்தும் நான்காவதாகப் போய் அடித்தார், உள்ளே போனது. ஐந்தாவதை பிராண்டி சாஸ்டைன் அடிக்க, கோப்பை கிடைத்தது. 2001-ல் பெண்களுக்கான தொழில்முறை லீக் பிறந்தது. மூன்று பருவம்தான். 2003 செப்டம்பரில், அடுத்த உலகக் கோப்பைக்கு ஒரு வாரம்கூட இல்லாதபோது பணமில்லாமல் மூடிவிட்டார்கள். 2004-ல் இன்னொரு ஒலிம்பிக் தங்கத்துடன் மியா ஓய்வு பெற்றார்.

டைட்டில் நைனில் குறையே இல்லையா? உண்டு. செலவைச் சமன் செய்கிறேன் என்று சில கல்லூரிகள் ஆண்களின் மல்யுத்தம், ஜிம்னாஸ்டிக்ஸ் அணிகளைக் கலைத்தன. சட்டத்துக்கு முன் பெண்கள் அணிகளுக்குப் பத்தில் ஒன்பது பங்கு பெண்களே பயிற்சியாளர்கள். சம்பளமும் மதிப்பும் கூடியதும் ஆண்கள் அந்த வேலைக்கு வந்தார்கள், பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே போனது. கால்பந்து பயிற்சிக்குப் பணம் கட்டும் வசதியுள்ள வீட்டுப் பெண்களுக்கே அதிகம் வாய்ப்புக் கிடைத்தது, ஏழைப் பெண்களுக்குக் குறைவு. இவை எல்லாம் உண்மை. ஆனால் 27 பேரில் ஒருத்தி என்ற கணக்கு, ஒரு தலைமுறைக்குள் சுமாராக மூன்று பேரில் ஒருத்தி என்று ஆனதும் உண்மை.

நான் இடைநிலை ஆசிரியராகப் பல ஆண்டுகள் வகுப்பெடுத்தவன். பி.டி. பீரியட் மணி அடித்ததும் பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஐந்தாம் வகுப்பு வரை பெண் பிள்ளைகளும் கூடவே ஓடுவார்கள். ஏழு, எட்டு வந்ததும் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் அவர்களை ஓடாதே என்று சொல்வதில்லை. வா என்று சொல்வதும் இல்லை. மியா ஹாம் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரத்தடிதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெண்ணுக்கு வா என்று சொல்ல வீட்டில் ஓர் அண்ணன் இருந்தான், வெளியே ஒரு சட்டம் இருந்தது. இரண்டில் எது இல்லாமல் போயிருந்தாலும் அந்த 103 கோல்கள் இல்லை.

மேதைகள் தானாகவே மேலே வந்துவிடுவார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வந்தவர்களை மட்டும் பார்த்துச் சொல்கிற பேச்சு அது. 1972-க்கு முன் பிறந்து, காலில் அதே வேகத்தோடு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்கள் எத்தனை கோல் அடித்திருப்பார்கள் என்று யாரும் எண்ண முடியாது.

சரி, வேலை சொல்கிறேன் என்றேன் அல்லவா? இன்று மாலை உங்கள் வீட்டுப் பெண் குழந்தை பள்ளியிலிருந்து வந்ததும், மதிப்பெண் கேட்பதற்கு முன்னால், "இன்னிக்கு பி.டி. பீரியட்ல என்னம்மா விளையாடின?" என்று கேளுங்கள். "சும்மா உட்கார்ந்திருந்தோம்" என்று பதில் வந்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று அதைக் கேளுங்கள். சத்தம் போட வேண்டாம், எடித் கிரீன் மாதிரி அமைதியாகவே கேட்கலாம். ஆனால் கேளுங்கள்.